சிறு மோட்டரின் உட்சூடு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் கிணறே தஞ்சம். துலா மிதித்து நீர் இறைத்த காலம் ஒன்று இருந்தது. அதன்பின் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் வந்தது. இன்று பல கிணற்றடிகளிலே ஒரு சிறு மின்மோட்டர் அமர்ந்திருந்து, ஆளியை அழுத்திய மாத்திரத்தே நீரை மேலே தூக்கித் தருகின்றது. அரைக் குதிரைவலுவோ ஒரு குதிரைவலுவோ கொண்ட அச்சிறு பொறி கோடைநாளொன்றில் நின்றுவிட்டால், பாத்தியில் உள்ள பயிர் வாடும். வீட்டுத் தொட்டி வற்றும். திருத்துவோரைத் தேடி ஓட வேண்டிவரும்.

நின்றுபோன மோட்டரைக் கழற்றிப் பார்ப்பவர் முதலில் அறிவது மணத்தையே. கருகிய பூச்சின் நெடி மூக்கைத் துளைக்கும். “சுருள் எரிந்துவிட்டது” என்று சொல்லுவர். உண்மையில் எரிந்தது செம்புக் கம்பி அன்று. செம்பு உருகுவதற்கு 1,085 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். எரிந்தது அக்கம்பியின்மீது பூசப்பட்டிருந்த மெல்லிய காவற்பூச்சே. ஒரு சுற்றிலுள்ள கம்பி அடுத்த சுற்றிலுள்ள கம்பியைத் தொடாதவாறு காத்துநின்ற அப்பூச்சு கெட்டதும், மின்னோட்டம் குறுக்குவழியே பாய்கின்றது. அவ்விடம் மேலும் சூடேறுகின்றது. சிறிது நேரத்திற் சுருள் முழுவதும் பாழாகின்றது. மோட்டரின் ஆயுள் என்பது பெரும்பாலும் இப்பூச்சின் ஆயுளே.

இந்த அழிவு நேருமுன் அதனை அறிய வழியுண்டா? கிணற்றடியில் நிற்பவர் பொதுவாகச் செய்வது ஒன்றுதான். மோட்டரின் மேலுறையிற் கையை வைத்துப் பார்ப்பர். கை பொறுத்தால் நன்று, பொறுக்காவிட்டால் நிறுத்திவிடுவர். இந்தக் கைக்கணக்கு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது, அதனிலும் சிறந்த கணக்கு எது என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

மின்னோட்டம் பாயும் கம்பி சூடேறும் என்ற உண்மைக்கு அளவு வகுத்தவர் யேம்ஸ் யூல் என்னும் ஆங்கிலேயர். அவர் மஞ்செஸ்ரர் நகருக்கு அண்மையில் மதுவடிசாலை நடத்திய குடும்பத்திற் பிறந்தவர். அக்காலத்தே புதிதாய்த் தோன்றியிருந்த மின்மோட்டர் நீராவிப் பொறிக்கு ஈடாகுமா என்று ஆராயப் புகுந்தவர், 1840ஆம் ஆண்டளவில் ஒரு விதியைக் கண்டார். கம்பியிற் பிறக்கும் வெப்பம் அக்கம்பியின் தடைக்கும், மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதமாய் அமையும் என்பதே அவ்விதி. மின்னோட்டம் இரண்டு மடங்காயின் வெப்பம் நான்கு மடங்காகும். ஆறு மடங்காயின் முப்பத்தாறு மடங்காகும். மோட்டரை ஆராயச் சென்றவர் மோட்டரை அழிக்கும் பகையின் கணக்கையே கண்டு வந்தார் எனலாம்.

கிணற்றடி மோட்டரையே உதாரணமாகக் கொள்வோம். அரைக் குதிரைவலு என்பது ஏறக்குறைய 373 உவாற்று. பெற்ற மின்வலுவில் நூற்றுக்கு அறுபது பங்கை அம்மோட்டர் வேலையாக மாற்றுகின்றது எனக் கொண்டால், 622 உவாற்று உள்ளே செல்ல வேண்டும். மிகுதியான 250 உவாற்று அளவும் வெப்பமாகவே பிறக்கின்றது. அதில் ஒரு பகுதி இரும்பிலும் உராய்விலும் பிறப்பது. பெரும்பகுதி சுருளிற் பிறப்பது. இரண்டு கைகளுக்குள் அடங்கும் ஒரு பெட்டிக்குள்ளே இவ்வளவு வெப்பம் இடைவிடாது பிறந்துகொண்டிருக்கின்றது. சுருளிலிருந்து இரும்பு அகணிக்கும், அகணியிலிருந்து மேலுறைக்கும், உறையிலிருந்து காற்றுக்கும் அது படிப்படியாக வெளியேறியாக வேண்டும். ஒவ்வொரு படியிலும் வெப்பநிலை சற்றுக் குறையும். ஆகவே சுருள் எப்பொழுதும் உறையிலும் பார்க்கச் சூடாகவே இருக்கும்.

காவற்பூச்சு எவ்வளவு சூட்டைத் தாங்கும்? அமெரிக்க மின்பொறியியலாளரான சார்ள்ஸ் ஸ்ரைன்மெற்ஸ், பெஞ்சமின் லாம் ஆகிய இருவரும் 1913ஆம் ஆண்டில் இவ்வினாவுக்கு விடைகாண முயன்று ஒரு கட்டுரை வெளியிட்டனர். பருத்தி, பட்டு, கடதாசி போன்றவை ஒரு வகை. மைக்கா, கல்நார் போன்றவை வேறொரு வகை. ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வோர் எல்லை உண்டு என்ற கருத்து அக்கட்டுரையிலிருந்து வலுப்பெற்றது. இன்று உலகெங்கும் வழங்கும் வகுப்புகள் அதன் வழிவந்தவையே. ‘ஏ’ வகுப்புக்கு 105 பாகை, ‘ஈ’ வகுப்புக்கு 120, ‘பீ’ வகுப்புக்கு 130, ‘எப்’ வகுப்புக்கு 155, ‘எச்’ வகுப்புக்கு 180 என எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. மோட்டரின் பெயர்த்தகட்டைத் துடைத்துப் பார்ப்பவர் இவ்வெழுத்துகளில் ஒன்றைப் பெரும்பாலும் அங்கே காண்பர்.

எல்லையைத் தாண்டிய கணத்திலே பூச்சு எரிந்துவிடும் என்பது இதன் பொருளன்று. பூச்சு மூப்படைகின்றது. அம்மூப்பு ஓர் இரசாயன மாற்றம். சூடு ஏற ஏற அதன் வேகமும் ஏறும். 1930ஆம் ஆண்டில் மொன்சிங்கர் என்பவர், மின்மாற்றிகளிற் பயன்படும் காவற்பொருள்களைக்குறித்து எழுதியபோது, வெப்பநிலை 8 பாகை உயருந்தோறும் ஆயுள் பாதியாகும் என்று காட்டினார். மோட்டர்களைப் பொறுத்தவரையில் 10 பாகைக்கு ஆயுள் பாதி என்ற வாய்பாட்டையே பொறியியலாளர் கைக்கணக்காகக் கொள்கின்றனர். தத்தம் வகுப்பின் எல்லையில் ஏறக்குறைய 20,000 மணிநேரம் நின்றுபிடிக்க வேண்டும் என்பது காவற்பொருள்களைச் சோதிப்போர் கொள்ளும் வழமையான அளவு. நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் ஓடும் மோட்டருக்கு இது 27 ஆண்டுக்குக் கிட்டியது. எல்லைக்கு மேல் 10 பாகை சூட்டில் ஓடினால் அது 14 ஆண்டாகக் குறையும். 20 பாகையாயின் 7 ஆண்டு. 30 பாகையாயின் மூன்றரை ஆண்டு. வெளியே ஒரு வேறுபாடும் தெரியாது. நீர் முன்போலவே வரும். ஆயுள்மட்டும் உள்ளுக்குள்ளே கரைந்துகொண்டிருக்கும்.

இனிக் கைக்கணக்குக்கு வருவோம். ஏறக்குறைய 60 பாகையில் உள்ள உலோகத்தை ஓரிரு செக்கனுக்கு மேல் மனிதர் கையாற் பற்றமுடியாது. ‘எப்’ வகுப்பு மோட்டரொன்றின் உறை 70 பாகைச் சூட்டில் இருக்கும்போதும் உள்ளே சுருள் தன் எல்லைக்குள் நலமாக இருத்தல் கூடும். கை பொறுக்கவில்லை என்பதற்காக அதனை நோயுற்றதாகக் கொள்வது தவறு. இதற்கு மறுதலையான நிலையே ஆபத்தானது. கப்பாசிற்றர் பழுதாகியோ, பம்பியின் சுழலியில் ஏதேனும் சிக்கியோ, மோட்டர் சுற்றாமல் முனகிக்கொண்டு நிற்பதைப் பலரும் கேட்டிருப்பர். அப்பொழுது வழமையைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் சுருளிற் பாய்கின்றது.

அந்நிலையிற் சுருளுக்கு நேருவதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். செம்புக் கம்பியின் குறுக்குவெட்டில் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 5 அம்பியர் வீதம் பாயும்போது, வெப்பம் எங்கும் வெளியேறாவிடின், செம்பு செக்கனுக்கு எட்டில் ஒரு பாகை வீதம் சூடேறும். மின்னோட்டம் ஆறு மடங்காயின் அவ்வேகம் முப்பத்தாறு மடங்காகிச் செக்கனுக்கு நாலரைப் பாகையாகின்றது. சூடேறிய செம்பின் தடையும் கூடுவதால் வேகம் மேலும் வளரும். இருபது செக்கனிற் சுருளின் வெப்பநிலை நூறு பாகையளவு உயர்ந்துவிடும். அவ்வெப்பம் இரும்பைக் கடந்து உறையை வந்தடைய நிமிடக்கணக்கில் நேரம் வேண்டும். அதற்கிடையில் உறையைத் தொட்டவரின் கை குளிர்ச்சியையே உணரும். சுருளோ கருகத் தொடங்கியிருக்கும். ஆகவே கைக்கணக்கு இரு பக்கத்தாலும் ஏமாற்றுகின்றது. நலமுற்றதை நோயென்று சொல்லும். நோயுற்றதை நலமென்று சொல்லும்.

சிறிய மோட்டர்களுக்கு இவ்விடர் கூடுதலாக உள்ளது. பொருளொன்றின் நீளம், அகலம், உயரம் யாவும் பாதியானால் அதன் கனவளவு எட்டில் ஒன்றாகும். மேற்பரப்போ நான்கில் ஒன்றாகவே குறையும். எனவே சிறியது எளிதில் ஆறவேண்டும் என்றே தோன்றும். அது மெய்யே. எனினும் மோட்டரைச் சிறிதாக்குவோரின் நோக்கம் அதனை ஆறவிடுவதன்று. அதே வேலையைக் குறைந்த இடத்திற் பெறுவதாகும். கம்பியை நெருக்கிச் சுற்றுவர். கூடிய மின்னோட்டத்தைச் செலுத்துவர். தூசியும் நீரும் புகாதிருக்க உறையை மூடிவிடுவர். சில வேளை விசிறியையும் நீக்கிவிடுவர். இயல்பிற் கிடைத்த நன்மை இவ்வாறு கைவிடப்படுகின்றது. மேலும் செம்பு குறைவாக இருப்பதால் வெப்பத்தைத் தேக்கிவைக்கும் ஆற்றலும் குறைவு. பெரிய மோட்டர் பிழையைச் சிறிது நேரம் பொறுத்துக்கொள்ளும். சிறிய மோட்டர் பொறுக்காது.

ஆதலின் அளக்க வேண்டியது உறையின் வெப்பநிலையை அன்று, சுருளின் வெப்பநிலையையே. அதனை அளக்கும் முறைகள் மூன்று வகைப்படும்.

முதலாவது, வெப்பமானியை வெளியிலிருந்து ஒட்டவைத்துப் பார்ப்பது. முன்னாளில் வெப்பமானியின் குமிழைச் சுருளின் முனைமீது வைத்து, வெளிக்காற்றுப் படாதவாறு அதன்மேல் ஒரு பொதியால் மூடி அளந்தனர். மாறும் காந்தப்புலம் உள்ள இடத்தில் இரசமானியை வைத்தல் ஆகாது என்பது அவர்கள் கண்ட பாடம். இரசம் ஓர் உலோகம் ஆதலால் அதனுள்ளேயே சுழியோட்டங்கள் பிறந்து அதனைச் சூடாக்கும். மானி இல்லாத சூட்டைக் காட்டும். ஆகவே மதுசார வெப்பமானியையே விரும்பினர். இன்று தொடாமலே அளக்கும் செங்கீழ்க்கதிர்க் கருவிகள் கடைகளிற் கிடைக்கின்றன. அவை மேற்பரப்பை மட்டுமே காண்பன. அதிலும் பளபளக்கும் உலோகத்தை நோக்கினால் உண்மையிலும் குறைந்த சூட்டையே சொல்லும். கையினும் இவை மேல். ஆயினும் உள்ளே புகமாட்டா.

இரண்டாவது, உணரியொன்றைச் சுருளுக்குள்ளேயே பொதித்துவைப்பது. இருவேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்துச் சூடாக்கினால் மின் பிறக்கும் என்பதை 1821ஆம் ஆண்டிற் சீபெக் என்பவர் கண்டார். வெப்பவிணை எனப்படும் அக்கருவி நூலளவு மெலிதாய் இருப்பதால் நெருக்கமான சுருளுக்குள்ளும் நுழையும். ஆனால் அது தரும் அழுத்தம் மிகச் சிறிது. வழமையாகப் பயன்படும் ‘கே’ வகை வெப்பவிணை ஒரு பாகைக்கு 41 மைக்குரோவோல்ற்று அளவே தருகின்றது. 230 வோல்ற்று ஓடும் சுருளின் நடுவே அவ்வளவு சிறிய அழுத்தத்தைக் கலப்பின்றிப் படிக்க மிகுந்த அவதானம் வேண்டும். பிளாற்றினத் தடை வெப்பமானியும் உண்டு. அதன் தடை நீர் உறையும் வெப்பநிலையில் 100 ஓம். நீர் கொதிக்கும் வெப்பநிலையில் 138.5 ஓம். இவையாவும் செம்மையானவை, எனினும் இரண்டு குறை உடையன. மோட்டரைக் கட்டும்போதே இவற்றை உள்ளே வைத்தல் வேண்டும். வைத்த புள்ளியின் சூட்டையன்றி வேறெவ்விடத்துச் சூட்டையும் இவை அறியா.

மூன்றாவது முறைக்குப் புறக்கருவி எதனையும் உள்ளே புகுத்த வேண்டுவதில்லை. சுருளே தன் வெப்பமானியாக அமைகின்றது. செம்பு சூடேறும்போது அதன் தடை ஒழுங்காகக் கூடுகின்றது. ஒரு பாகைக்கு நூற்றுக்கு 0.39 பங்கு வீதம், அதாவது பத்துப் பாகைக்கு ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு என்ற கணக்கில் அது வளர்கின்றது. இந்த இயல்பை வெப்பம் அறியும் கருவியாக்கியவருள் முன்னோடி வில்லியம் சீமென்ஸ். 1860ஆம் ஆண்டளவிற் கடலடித் தந்திக்கென அமைத்த நெடுங்கம்பியைக் கப்பலின் அடித்தளத்திற் சுருட்டி வைத்திருந்தபோது, அக்குவியல் உள்ளூரச் சூடேறக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. வெளியே நின்று குவியலின் நடுவைக் காண்பது எவ்வாறு? கம்பியின் தடை வெப்பத்தோடு கூடும் என்ற இயல்பே அவருக்குத் துணையாயிற்று. 1871ஆம் ஆண்டில் இலண்டன் இறோயல் கழகத்தின் முன் இப்பொருள்பற்றி அவர் விரிவுரையும் ஆற்றினார். கப்பலிற் கிடந்த கம்பிக் குவியலுக்கும் கிணற்றடி மோட்டரின் சுருளுக்கும் உள்ள பிரச்சினை ஒன்றே, விடையும் ஒன்றே.

செய்முறை எளிது. முதல்நாள் இரவு முழுவதும் ஓடாமற் கிடந்த மோட்டர் காலையில் அறையின் வெப்பநிலையிலேயே இருக்கும். அப்பொழுது ஓடுசுருளின் தடையை அளந்து, அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் மோட்டரை அதன் வழமையான சுமையோடு, சூடு மேலும் ஏறாத நிலை வரும்வரை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். மின்னிணைப்பை முற்றாக நீக்கி, கப்பாசிற்றரில் எஞ்சிய மின்னையும் வடியவிட்டு, அதே முனைகளில் மீண்டும் தடையை அளக்க வேண்டும். இதன்பின் உள்ளது எண்கணிதம். செம்புக்குரிய மாறா எண் 235. சூடான தடையைக் குளிர்ந்த தடையாற் பிரித்து, வந்த ஈவை, 235உடன் அறை வெப்பநிலையைக் கூட்டிய தொகையாற் பெருக்கி, விடையிலிருந்து 235ஐக் கழித்தால் சுருளின் வெப்பநிலை கிடைக்கும்.

ஓர் உதாரணம். காலையில் அறை வெப்பநிலை 30 பாகை. சுருளின் தடை 12 ஓம். ஓடி நின்றபின் தடை 15 ஓம். பதினைந்தைப் பன்னிரண்டாற் பிரித்தால் ஒன்றேகால். 235உம் 30உம் சேர்ந்தால் 265. அதனை ஒன்றேகாலாற் பெருக்கினால் 331. அதிலிருந்து 235ஐக் கழித்தால் 96 பாகை. உறையைத் திறவாமல், ஓர் ஆணியையும் கழற்றாமல், சுருளின் சராசரி வெப்பநிலை 96 பாகை என்று அறிந்தாயிற்று. எட்டாம் வகுப்பு மாணவனும் போடத்தக்க கணக்கு இது. அலுமினியக் கம்பி சுற்றிய மோட்டராயின் 235க்குப் பதிலாக 225ஐக் கொள்ளல் வேண்டும்.

எளிதென்பதால் இதிற் பிழை நேராது என்று எண்ணலாகாது. முதற்பிழை தடையை அளப்பதில் நேருவது. மேற்சொன்ன உதாரணத்திலே 15 ஓமில் பத்தில் ஒரு ஓம் தவறினாலும் வெப்பநிலை 2 பாகைக்கு மேல் மாறிவிடும். மின்கலத்தில் ஓடும் மிகச் சிறிய மோட்டர்களில் சுருளின் தடையே ஒரு ஓமுக்குக் குறைவாக இருப்பதுண்டு. அவ்விடத்தில் அளக்கும் கம்பிகளின் தடையும் முனைத் தொடுகையின் தடையுமே கணக்கைக் குழப்பிவிடும். அதனால் மின்னோட்டத்தைச் செலுத்த இரண்டு கம்பியும், அழுத்தத்தை அளக்க வேறு இரண்டு கம்பியும் ஆக நான்கு கம்பி கொண்டு அளப்பர். கெல்வின் பிரபுவின் பெயரால் வழங்கும் முறை அது.

இரண்டாவது பிழை காலத்தாழ்வால் நேருவது. மோட்டர் நின்ற கணமே சுருள் தன் வெப்பத்தை இரும்புக்குக் கொடுத்து ஆறத் தொடங்குகின்றது. சிறிய சுருளாயின் விரைந்து ஆறும். 50 கிலோவாற்று வரையிலான இயந்திரங்களுக்கு, மின்னை நிறுத்தி 30 செக்கனுக்குள் முதல் அளவை எடுத்துவிட வேண்டும் எனச் சர்வதேச நியமம் விதிக்கின்றது. அதனினும் செம்மை வேண்டுவோர் ஒரே அளவோடு நில்லாமல், இருபது செக்கனுக்கு ஒருமுறை அளந்துகொண்டே போவர். இருபதாம் செக்கனில் 14.75 ஓம், நாற்பதாம் செக்கனில் 14.55, அறுபதாம் செக்கனில் 14.40 என்று வந்தால், அப்புள்ளிகளைச் சதுரக்கோட்டுத் தாளிற் குறித்து, வளைகோட்டைப் பின்னோக்கி நீட்டினால், நின்ற கணத்தின் தடை 15 ஓம் என்று தெரியவரும். ஒரு நிமிடம் தாழ்த்தி 14.40ஐ மட்டும் எடுத்தவருக்கு விடை 83 பாகையாகவே வரும். பதின்மூன்று பாகை மறைந்துபோகும். பத்துப் பாகைக்கு ஆயுள் பாதி என்ற கணக்கை நினைவுகூர்ந்தால் இப்பிழையின் பாரம் விளங்கும்.

மூன்றாவதைப் பிழை என்பதிலும் எல்லை என்பதே பொருந்தும். தடைமுறை தருவது முழுச் சுருளின் சராசரியை. சுருளில் ஓரிடம் மற்றோரிடத்திலும் கூடிய சூட்டில் இருக்கும். பூச்சு முதலிற் கெடுவதும் அவ்விடத்திலேயே. நியமங்களை வகுத்தோர் இதனை மறக்கவில்லை. ‘எப்’ வகுப்பின் எல்லை 155 பாகையாயினும், 40 பாகை வெப்பமுள்ள காற்றிலே, தடைமுறையால் அளந்த வெப்ப உயர்வு 105 பாகைக்கு மேற்படலாகாது என்பர். நாற்பதும் நூற்றைந்தும் சேர்ந்தால் 145. மிகுதிப் பத்துப் பாகையும் அந்த மிகச் சூடான புள்ளிக்கென ஒதுக்கிய இடைவெளியாகும். ‘பீ’ வகுப்புக்கு உயர்வு 80 பாகை. அங்கும் ஒதுக்கீடு பத்தே.

ஒருவர் சராசரியை அறிவார்; மற்றவர் புள்ளியை அறிவார். எனவே ஆய்வுகூடங்களில் இரு முறைகளையும் சேர்த்தே கையாளுகின்றனர். வீட்டுப் பொறிகளுக்குரிய சர்வதேச நியமம் சுருள்களைப் பொறுத்தவரையில் தடைமுறையையே முதன்மையாகக் கொண்டு, சுருள் ஒருசீராக அமையாத இடத்தும் இணைப்புக் கொடுக்க இயலாத இடத்தும் வெப்பவிணையை அனுமதிக்கின்றது. குளிர்ச்சாதனப் பெட்டியின் அமுக்கியையும் இங்கே நினைத்தல் தகும். அதன் மோட்டர் எண்ணெயோடும் குளிரூட்டும் வாயுவோடும் சேர்த்து ஓர் உருக்குக் கூட்டுக்குள் ஒட்டி மூடப்பட்டது. விற்பனைக்கு வந்தபின் அதனுட் கருவி எதுவும் நுழைய முடியாது. வெளியே தெரியும் மூன்று முனைகளிலே தடையை அளப்பதொன்றே அதன் உட்சூட்டை அறிய எஞ்சிய வழி.

சுழலும் பகுதியிலேயே சுருள் அமைந்த தூரிகை மோட்டர்களில் நிலைமை இன்னும் கடினமாகும். சுற்றும் கம்பியில் உணரியைப் பொருத்துவது எளிதன்று. நிறுத்தி அளக்கும்போதும் தூரிகையின் தொடுகைத் தடை குறுக்கிடும். ஆகவே திசைமாற்றியின் குறித்த இரு செம்புத் துண்டுகளை அடையாளமிட்டு, முன்னும் பின்னும் அவ்விரண்டுக்கும் இடையிலேயே நேராக அளக்க வேண்டும். துண்டு மாறினால் கணக்கும் மாறும். தூரிகையற்ற புதிய மோட்டர்களிலோ சுருள் அசையாத பகுதியில் உள்ளது. அவற்றை ஓட்டும் மின்னணுப் பெட்டியே ஓடும்போது அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுச் சுருளின் தடையை மதிப்பிட்டு, சூடு மிஞ்சினால் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும்படி அமைப்பதுண்டு. சீமென்ஸ் கையாண்ட அதே தத்துவம் இப்பொழுது மோட்டரின் உள்ளேயே இடைவிடாது கணக்கிடப்படுகின்றது.

அளவு தெரிந்தவுடன் காவலும் அமைக்கலாம். சிறு மோட்டர்கள் பலவற்றில் ஈருலோகத் தகடு ஒன்று சுருளுக்கு அருகே வைக்கப்பட்டிருக்கும். இரண்டு உலோகங்கள் வேறுவேறு அளவில் விரிவதால், குறித்த சூட்டில் அது வளைந்து மின்னைத் துண்டிக்கும். ஆறியபின் மீண்டும் இணைக்கும். வேறு சிலவற்றில், சூடேறினால் தடை திடீரெனப் பெருகும் சிறு குறைகடத்தி மணிகளைச் சுருளுக்குள் புதைத்திருப்பர். நியமித்த வெப்பநிலைக்கு 20 பாகை கீழே அத்தகைய மணியொன்றின் தடை 250 ஓமுக்கு மேற்படாது. 5 பாகை மேலே சென்றால் 1,330 ஓமுக்குக் குறையாது. 15 பாகை மேலே 4,000 ஓமுக்குக் குறையாது. அது சூட்டின் அளவைச் சொல்வதில்லை. எல்லை கடந்தது என்பதை மட்டும் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லுகின்றது.

அடிக்கடி தானே நின்று, சிறிது நேரத்தின்பின் தானே ஓடும் மோட்டரைச் சிலர் அதிட்டமென்று எண்ணி விட்டுவிடுவர். இன்னும் சிலர் அக்காவலைத் தொல்லையெனக் கருதி நேரே இணைத்துவிடுவர். இரண்டும் தவறு. காவல் ஒவ்வொரு முறை துண்டிக்கும்போதும் சுருள் ஒருமுறை எல்லையைத் தொட்டு வந்துள்ளது என்றே கொள்ள வேண்டும். மின்னழுத்தம் குறைந்துள்ளதா, பம்பி இறுகியுள்ளதா, காற்றோட்டத் துவாரத்தைத் தூசி அடைத்துள்ளதா, கப்பாசிற்றர் சோர்ந்துள்ளதா என ஆராய வேண்டிய நேரம் அது. சுமையோடு ஓடும் தூண்டல் மோட்டருக்கு மின்னழுத்தம் குறைந்தால், அது கூடிய மின்னோட்டத்தை இழுத்தே அதே வேலையைச் செய்யும். வெப்பம் வர்க்க விதிப்படி ஏறும் என்பது முன்னரே சொல்லப்பட்டது.

கருகிய சுருளைக் களைந்து புதிதாகச் சுற்றும் கைவினைஞர் எங்கும் உளர். கம்பியின் பருமனையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் கையேட்டிற் குறித்து வைப்பது அவர்தம் வழக்கம். அக்குறிப்போடு இன்னும் ஒரு வரி சேர்ந்தால் நன்று: சுற்றி முடித்த சுருளின் குளிர்ந்த தடை இவ்வளவு, அன்று அறையின் வெப்பநிலை இவ்வளவு. அவ்வரியை ஒரு சிறு அட்டையில் எழுதி மோட்டரின் பெட்டிக்குள் ஒட்டிவிடவும் கூடும். பத்து ஆண்டின்பின் அம்மோட்டரைப் பரிசோதிக்கும் இன்னொருவருக்கு அந்த ஒரு வரியே அடிப்படையாகும். குளிர்ந்த தடை தெரியாதவருக்குச் சூடான தடை எதனையும் சொல்லாது.

அத்தகைய அட்டை இல்லாத மோட்டருக்கும் இன்றே தொடங்கலாம். தடைமானி கையில் உள்ள மின்திருத்துநரை அழைத்து, ஒரு காலைப்பொழுதில், மோட்டர் ஓடுமுன் அளக்கச் செய்து எழுதிவைத்தால் போதும். வரும் கோடையில் நீர் இறைத்து முடித்த ஒரு நண்பகலில், நிறுத்திய அரை நிமிடத்துக்குள் இரண்டாம் அளவை எடுத்து, பெயர்த்தகட்டில் உள்ள எழுத்தோடு ஒப்பிடலாம். மோட்டர் தன் எல்லைக்குள் வாழ்கின்றதா, எல்லையைக் கடந்து தேய்கின்றதா என்பதை அதன் சுருளே சொல்லிவிடும். அதற்குள் உறையிற் கைவைத்துப் பார்த்தவர் அறிந்திருப்பது உறையின் சூட்டை மட்டுமே.